வாசலுக்கு வந்த கல்லறை

எங்க ஊரு சுகிர்தபுரத்துல மணல் மேடே ஒரு இடத்துல நிக்காது. ஆடி மாசத்துக் காத்துல தேரிக்காட்டுச் செம்மண்ணு கெளம்புச்சுன்னா, போன வருசம் மேக்கே நின்ன மேடு இந்த வருசம் கிழக்கே வந்து உக்காந்திருக்கும், வழியில நின்ன பனைமரம் கழுத்து வரைக்கும் முங்கிப்போயி தலைய மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கும். அதனால ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, கல்லறைத் தோட்டத்துல இருந்த சர்வேயர் மாமாவோட கல்லறை எந்திரிச்சு வந்து எங்க வீட்டு வாசல்ல நின்னப்போ, பால் செம்போட வெளிய வந்த நான் அதுல இடுப்ப இடிச்சுக்கிட்டு, "ஏசப்பா! வாசல மறிச்சுக்கிட்டு இத யாரு இங்கன வச்சது"ன்னு சத்தம் போட்டேனே தவிர, கல்லறை எப்படி நடக்கும்னு கேக்க எனக்குத் தோணவே இல்ல.

கல்லறைக்குச் சொந்தக்காரரு செத்துப்போயிருந்தார்னு நெனைச்சிராதீய. அடுத்த வீட்டுல உக்காந்து இட்லி தின்னுக்கிட்டு இருந்தாரு, ஏழு மணி பத்து நிமிசத்துக்கு நாலு இட்லி, அஞ்சாவது இட்லி அவரு ஆயுசுல கெடையாது. அருமைநாயகம்னு பேரு. முப்பத்திநாலு வருசம் கவருமெண்டு சர்வேயரா இருந்து, ஊரு ஊரா நெலத்த அளந்து கல்லு நட்டு ரிட்டயரானவரு, என் வீட்டுக்காரர் வழியில எனக்கு மாமா முறை. உள்ளதச் சொல்லிருதேன், அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. எங்க முருங்கமரத்துக் கெளை அவரு சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒம்பது அங்குலம் நீண்டிருக்குன்னு டேப்பு வச்சு அளந்து காட்டி வெட்டச் சொன்ன மனுசன். எங்க தாத்தா எம்பத்தஞ்சுல போனாரு, அப்பா எம்பத்திமூணுல போனாரு, நடுவுல எம்பத்திநாலு, இப்ப எனக்கு எழுபத்தொண்ணு, அப்ப இன்னும் பதிமூணு வருசம் இருக்கு மருமவளேன்னு என்னமோ பஸ்ஸு வார நேரம் சொல்லுத மாதிரி சொல்லுவாரு.

உசிரோட இருக்கவரு ஏன் கல்லறை கட்டுனாருன்னா, அதுக்குக் காரணம் எங்க சபைக் கமிட்டி. எங்க கல்லறைத் தோட்டம் ரொம்பச் சின்னது, மூணு பக்கமும் மணல் தின்னுக்கிட்டே வருது, அதனால இனி யாருக்கும் இடம் ஒதுக்கி வைக்க முடியாது, யாரு முந்திப் போறாவளோ அவியளுக்கு வரிசையில அடுத்த காலி இடம், பணக்காரனும் அதுதான், பனையேறியும் அதுதான், கல்லறை கட்டி முடிச்சிருந்தா மட்டும் அந்த இடத்தத் தொடமாட்டோம்னு ரெண்டு வருசத்துக்கு முன்னால தீர்மானம் போட்டாவ. மாமாவுக்கு அன்னைக்கே சோறு எறங்கல. பதினோரு வருசத்துக்கு முன்னால செத்துப்போன அவரு வீட்டம்மா செல்லக்கனி அத்தைக்குப் பக்கத்துல, ஏழடிக்கு மூணரையடி, நாலு மூலைக்கும் கல்லு நட்டு அவரு காத்துக்கிட்டு இருந்த இடம் அது. உடனே கொத்தனாரைக் கூட்டியாந்து கட்டிட்டாரு. மேல கருங்கல்லுப் பலகை, அதுல பேரு, பொறந்த தேதி, இறப்புன்னு போட்டு இருபதுன்னு பாதி வருசத்தையும் வெட்டியாச்சு, மிச்சம் ரெண்டு எழுத்துதான் பாக்கி.

அதோட விட்டாரா? கல்லறைக்குப் பிரதிஷ்டை ஜெபம், மதியம் பிரியாணின்னு கார்டு அடிச்சாரு. எங்க பக்கம் கல்யாணமோ, புது வீடோ, ஞானஸ்நானமோ, எதுக்குக் கார்டு அடிச்சாலும் தேதிக்கு மேல 'கர்த்தருக்குச் சித்தமானால்'னு ஒரு வரி போடாம பிரஸ்காரனே மிசின ஓட்டமாட்டான், நாளைக்கு நாம இருப்போமோ மாட்டோமோ, அதுக்கு ஒரு மரியாதை. மாமா அந்த வரியக் கோடு போட்டு அடிச்சுட்டாரு. "கமிட்டி கையெழுத்துப் போட்டாச்சு, சிமெண்டு காஞ்சாச்சு, இதுல சித்தம் கேக்க என்னய்யா இருக்கு?"ன்னுட்டாரு. எங்க ஐயர், அதான் எங்க சபைப் பாஸ்டர், அந்தக் கார்டப் பாத்துட்டு ரெண்டு தடவ தொண்டையச் செருமுனாரு, ஆனாலும் வந்து ஜெபம் பண்ணி, பிரியாணியும் சாப்பிட்டுட்டுத்தான் போனாரு. அந்த வரி இல்லாததாலதான் கல்லறை எந்திரிச்சதுன்னு ஊருல பாதிப்பேரு சொல்லுதாவ. எனக்குத் தெரியாது. வாசல்ல கல்லறை நிக்கையில காரணம் தேட எனக்கு ஏது நேரம்?

எங்க வீட்டுல அன்னைக்கு நடந்த கூத்த மொதல்ல கேளுங்க. என் வீட்டுக்காரர் ராஜாசிங், கருப்பட்டி ஏவாரி, வாசலுக்கு வந்து கல்லறையப் பாத்தவரு அப்படியே வெளிறிப்போயி, "ஏட்டி ரத்தினம், நீயா நானாட்டி?"ன்னு கேட்டாரு. நான் எதுக்கு விட்டுக்கொடுக்கணும், "நீங்கதான் எனக்கு மூத்தவிய"ன்னேன். மனுசன் குளிச்சாரு, வெள்ளை வேட்டி கட்டுனாரு, நேரா என் தம்பி வீட்டுக்குப் போயி, பதினோரு வருசத்துக்கு முன்னால ஒரு கல்யாணப் பந்தியில ஈரல் துண்டு வைக்கலைன்னு பேச்ச நிறுத்திக்கிட்ட அதே தம்பியக் கட்டிப்புடிச்சு, "மச்சான், ஈரல நீயே தின்னு, நான் போறேன்"னு அழுதாரு. அவன் பதறிப்போயி குடும்பத்தோட கெளம்பி வந்துட்டான். நான் பீரோவுல பாச்சா உருண்டை போட்டு வச்சிருந்த கூறைப்பட்ட எடுத்துக் கட்டிக்கிட்டேன், இனி எதுக்குச் சேத்து வைக்கன்னு கிறிஸ்மஸுக்கு வளத்த கெடாய அன்னைக்கே அறுத்தோம், அம்புட்டுக் கறிய என்ன செய்ய, தெருவையே கூப்பிட்டோம், வீட்டுக்குள்ள எடம் பத்தாம அந்தக் கருங்கல்லுப் பலகை மேலேயே எலை விரிச்சோம், இடுப்பளவு உயரம், நின்னுக்கிட்டே சாப்பிட அம்புட்டு வசதி. கல்யாணத்தன்னைக்குக்கூட நாங்க அப்படிச் சிரிச்சதில்ல. மறுநா காலைல எந்திரிச்சுப் பாத்தா ரெண்டு பேரும் உசிரோட இருக்கோம், வாசல் வெறிச்சுன்னு கெடக்கு, கல்லறை டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்துல போயி நிக்குது.

அப்புறம் ஊரு பிடிச்ச பிடிய யாரு நிறுத்த? கல்லறை எந்த வாசல்ல நிக்குதோ அந்த வீட்டுல அன்னைக்கு விருந்து. டீக்கடைக்காரர் கல்லாவ மூடிட்டு ஊருக்கே டீயும் வடையும் போட்டாரு, நாலாந் தெருவுல சர்க்கரை வியாதிக்காரத் தங்கபுஷ்பம் அக்கா ஒரு கிண்ணம் பாயாசத்தக் கர்த்தரை ஸ்தோத்திரிச்சு நக்கித் தின்னா, மாமியாகிட்ட இருவது வருசமா வாயே தொறக்காத மருமவ ஒருத்தி தொறந்தா பாருங்க, தெருவே நின்னு கேட்டுச்சு, கேட்டு முடிச்ச மாமியா "அட, இதத்தானா மனசுல வச்சிருந்த"ன்னு அவளுக்கு ஒரு ஊட்டு ஊட்டிவிட்டா. ஜாதகம் பாக்காத எங்க ஊருலகூட மூணு வருசமா இழுத்துக்கிட்டுக் கெடந்த ஒரு கல்யாணம், மாப்பிள்ளை வீட்டு வாசல்ல கல்லறை வந்து நின்னதும் ஒரே மாசத்துல கோயில்ல ஓலை வாசிச்சு, அதான் கல்யாண அறிவிப்பு, முடிஞ்சுபோச்சு. ஐயர் வீட்டு வாசல்லயும் ஒரு ஞாயித்துக்கிழமை நின்னுச்சு. ஒண்ணேகால் மணி நேரம் பிரசங்கம் பண்ணுத மனுசன் அன்னைக்கு ஆறே நிமிசத்துல, "சாப்பிடுங்க, சந்தோசமா இருங்க, வேலையச் செய்யுங்க, மிச்சத்த அவரு பாத்துக்கிடுவாரு, ஆமென்"னு முடிச்சுட்டு வாலிபப் பசங்களோட வாலிபால் ஆடப்போனாரு. கால் சுளுக்கிக்கிச்சு, அது வேற விசயம்.

போகப்போக, கல்லறை வரலையேன்னு கோவிச்சுக்கிடுத அளவுக்கு ஆயிப்போச்சு. "எங்க வீட்டுல என்ன கொறை, எங்களுக்கெல்லாம் சாவு வராதா?"ன்னு ஒருத்தி ஐயர்கிட்டயே போயி நியாயம் கேட்டா. கல்லறை நடக்குதத மட்டும் ஒருத்தரும் பாத்ததில்ல. ஒரு தடமும் கெடையாது.

இம்புட்டு ஆட்டத்துலயும் ஒரே ஒரு மனுசன் மட்டும் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சாரு. மாமா மொதல்ல ஜேசிபி வச்சுத் தூக்கிக் கொண்டுபோயி பழைய எடத்துலயே, மயிரிழை தப்பாம வச்சாரு. மறுநா அது ரேசன் கடை வரிசையில நிக்குது. அடுத்து, நெலம் அளக்கிற இரும்புச் சங்கிலியச் சுத்தி நாலு பூட்டுப் போட்டாரு. பூட்டு பூட்டுன மாதிரியே கெடக்கு, சங்கிலி வட்டமாக் கெடக்கு, உள்ள கல்லறைய மட்டும் காணோம். நாங்க சிரிச்சோம். சிரிச்சிருக்கக் கூடாது, ஏன்னா அவருக்கு உள்ள எரிஞ்சது எங்களுக்குத் தெரியல. கமிட்டிச் செயலாளர்தான் வெளிப்படையாச் சொன்னாரு: "அண்ணாச்சி, கல்லறை இருந்தாத்தான் அந்த எடம் உங்களுக்கு. இப்ப செல்லக்கனி மதினி பக்கத்துல கெடக்கது காலி மண்ணு. வரிசைப்படி பாத்தா ஊருல அடுத்தாப்புல யாரு போறாவளோ, அவியளுக்குத்தான் அது."

மாமா அன்னைக்கு வீட்டுக்கு வந்து உக்காந்தவரு இட்லியே திங்கல. மறுநா ஏழு மணிக்கு ஒரு நோட்டோட கெளம்பிட்டாரு. தான் சாகுத வரைக்கும் ஊருல ஒருத்தரையும் சாக விடுததில்லைன்னு முடிவு பண்ணிட்டாரு.

சிரிக்காதீய, நெசமாவே அதத்தான் செஞ்சாரு. ரத்தக்கொதிப்பு பாக்கிற மிசின் ஒண்ணு வாங்கி, வீடு வீடா ஏறி எறங்குனாரு. எழுபதத் தாண்டுன அத்தனை பேரு கையிலயும் பட்டையச் சுத்திக் காத்தடிச்சாரு. மாத்திரை போட்டியா, தண்ணி குடிச்சியா, வெளிக்குப் போனியான்னு கூச்சமில்லாமக் கேட்டாரு. கண்ணு தெரியாத கெழவிக்குக் கைப்பிடிச்சு ரோடு தாண்டிவிட்டாரு. பைக்குல பறக்குத பயலுவள வழியில மறிச்சு, "மெதுவாப் போல, ஒன்ன எங்கன போடுததுன்னு எனக்கில்லா தெரியும்"னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அந்தப் பயலுவ பயந்துபோயி ஹெல்மெட்டு வாங்குனானுவ. கெணத்துக்கு மூடி போட வச்சாரு, அறுந்து தொங்குன கரண்டு வயரச் சரிபண்ண வச்சாரு, முப்பது வருசமா யாருக்கும் ஒரு வாய்த் தண்ணி குடுக்காதவரு வாசலுக்கு வந்தா, "அண்ணாச்சி வந்துட்டாரு, காப்பி போடு"ன்னு சனம் எந்திரிச்சு நிக்க ஆரம்பிச்சுது. அஞ்சு மாசம், எங்க ஊருல ஒரு துக்கம் இல்ல.

ஆனா ஒரு ஆளுதான் அவருக்குத் தூக்கத்தக் கெடுத்துச்சு. தியோடர் வாத்தியார். பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக்குடுத்து, கோயில்ல ஆர்மோனியம் வாசிச்சு, கல்யாணமே கட்டிக்கிடாம எழுபத்தாறு வயசு வரைக்கும் வந்தவரு. இருதயம் வீங்கி, காலு ரெண்டும் தூணு தூணா நிக்குது, ஒரு மாசந்தான்னு டவுன் டாக்டரு கையை விரிச்சிட்டாரு. செல்லக்கனி அத்தையப் பொண்ணு பாக்க மொதல்ல போனவரும் இவருதான். அப்போ பொண்ணு வீட்டுல காப்பி குடிச்சுட்டு, பேச்சுவார்த்தைய விட்டுட்டு, பழுதாக் கெடந்த அவிய வீட்டு ஆர்மோனியத்த மூணு மணி நேரம் ரிப்பேர் பண்ணுனாராம். பொண்ணுக்கு அப்பா, இது தேறாதுன்னு சர்வேயருக்குக் குடுத்துட்டாரு.

அதுனால மாமா வாத்தியாரு வீட்டுலயே குடியேறிட்டாருன்னு வச்சுக்கிடுங்க. காலைல உப்பில்லாக் கஞ்சி, பதினொண்ணுக்கு மாத்திரை, நாலு மணிக்குக் காலு நீவிவிடுதது. கஞ்சி காய்ச்சுதது நான், கொண்டுபோயி வைக்கிறதும் நான், அதனால அங்க நடந்த பேச்செல்லாம் எனக்கு அத்துப்படி.

ஒருநா வாத்தியாரு கட்டில்ல சாஞ்சுக்கிட்டுக் கேட்டாரு: "எதுக்குவே எனக்கு இம்புட்டு ஊழியம்? நான் என்ன ஓமக்குத் தாய்மாமனா?"

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. "நீரு செத்தீர்னா எம் பொஞ்சாதிக்குப் பக்கத்துல போயிப் படுத்துக்கிடுவீரு. அத நான் விடமாட்டேன்."

வாத்தியாரு சிரிச்ச சிரிப்புல கட்டிலே ஆடுச்சு. "ஓய், இந்தக் கால வச்சுக்கிட்டு அங்க போயி நான் என்ன சேட்டை பண்ணிரப்போறேன்?"

"சிரிக்காதீரும். கடைசி நாள்ல எக்காளம் ஊதி எல்லாரும் எந்திரிப்போமா இல்லையா? அவ கண்ணு முழிச்சதும் மொதல்ல பக்கத்துலதான் பாப்பா. அங்க ஓம்ம மூஞ்சியா இருக்கணும்?"

"என் மூஞ்சிக்கு என்னவே? பாத்ததும் சிரிப்பா. பாடகர் குழுவுல இருந்தப்போ நான் சுருதி பிடிச்சாலே சிரிப்பா. ஓம்மப் பாத்தா, 'எந்திரிக்க ரெண்டு நிமிசம் லேட்டு'ன்னு திட்டு விழுமேன்னு பயப்படுவா."

மாமா நிமிந்து பாத்தாரு. காலு நீவுத கை அப்படியே நின்னுபோச்சு. "அவ பாடுவாளா?"ன்னு கேட்டாரு.

"என்னவே கேக்கீரு? ஆல்ட்டோ கொரல்ல அவள மாதிரி ஒருத்தி இந்தச் சேகரத்துல உள்ள அத்தனை சபையிலயும் கெடையாது. கல்யாணத்துக்குப் பொறவு ஏன் வரலைன்னு கேட்டதுக்கு, பயிற்சி ஏழு மணிக்கு, எங்க வீட்டுல ஏழு மணிக்குச் சாப்பாடுன்னு சொன்னா."

என் கையில கஞ்சிச் செம்பு சுடுது, ஆனா அத வைக்க எனக்கு மனசு வரல. மாமா மறுபடியும் கால நீவிக்கிட்டே பேசுனாரு. "கன்னியாகுமரியில சூரியன் கெளம்புதத ஒரு நாளு பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்தா, வே. ரெண்டு மணி நேரப் பயணம். மாடி கட்டி முடியட்டும், பூச்சு காயட்டும், அக்டோபரு பதினாலாந் தேதி போவோம்னு தேதி குறிச்சுச் சுவத்துல எழுதி வச்சேன். செப்டம்பரு கடைசியில போயிட்டா. அந்தத் தேதி இன்னும் சுவத்துல கெடக்கு, நான் வெள்ளையடிக்க விடல. அதான்வே, இந்த ஒண்ணாவது நான் சொன்னபடி நடக்கட்டும்னு நெனைச்சேன். அவ பக்கத்துல போயிப் படுக்கதாவது." சொல்லிட்டு அந்த மனுசன் வாத்தியாரோட வீங்குன காலப் புடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாரு. முருங்கமரத்துக் கோவமெல்லாம் எனக்கு அந்த நிமிசத்தோட போச்சு.

அதுக்குப் பொறவு ரெண்டு பேரும் பேசுன பேச்சுக்கு அளவில்ல. செல்லக்கனி அத்தை என்ன பாடுவா, எந்த வரியில மூச்சு விடுவா, எப்படி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பான்னு வாத்தியாரு சொல்லுவாரு. வீட்டுல அவ எப்படி இருப்பா, எந்த மீனு பிடிக்கும், காய்ச்சல்னா எப்படிக் கோவிச்சுக்கிடுவான்னு மாமா சொல்லுவாரு. ஆளுக்குப் பாதியா வச்சிருந்தத ஒண்ணு சேத்து உக்காந்து பாத்த மாதிரி இருந்துச்சு. டாக்டரு சொன்ன ஒரு மாசம் முடிஞ்சு நாப்பது நாளும் ஆயிப்போச்சு.

அன்னைக்குக் காலைல நான் கஞ்சியோட போறேன், வாத்தியாரு வீட்டு வாசல்ல கல்லறை நிக்குது. மாமா அத நெஞ்சால தள்ளிக்கிட்டு, "போ, போயிரு, இங்க வராத, போ!"ன்னு வெறி புடிச்ச மாதிரி கத்துதாரு. நின்ன எடத்துல இருந்து அது அசையல. உள்ள இருந்து வாத்தியாரு, "யாரு வந்திருக்கா? ஓம்ம கல்லறையா? அப்பாடா! ஊரு பூரா விருந்து தின்னாச்சு, எங்க வீட்டுல ஒலை வைக்க இப்பவாவது வந்துச்சே"ன்னு எந்திரிச்சு உக்காந்துட்டாரு.

எங்க ஊருல அது மாதிரி ஒரு விருந்து அதுக்கு முந்தியும் இல்ல பிந்தியும் இல்ல. பாடகர் குழு மொத்தமும் வந்துட்டு, அவருகிட்டக் கணக்குப் படிச்சு அடி வாங்குன அம்புட்டுப் பேரும் வந்துட்டாவ, கெடா நாலு, கோழிக்கு எண்ணிக்கை இல்ல, ஆர்மோனியத்தக் கல்லறை மேல தூக்கி வச்சாச்சு, வாத்தியார நாற்காலியோட தூக்கி அதுக்கு முன்னால வச்சாச்சு, அவரு கட்டைய அமுக்க அமுக்க, கெழவிகளும் பிள்ளைகளும் ஐயரும் டீக்கடைக்காரரும் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுதாவ, தங்கபுஷ்பம் அக்கா கைதட்டி ஆடுதா, ஐயர் சுளுக்குன காலோட அவளுக்கு எதிராட்டம் ஆடுதாரு, தேரி மணலு எங்க எல்லாருக்கும் முட்டி வரைக்கும் செவந்துகெடக்கு.

பந்தியில வாத்தியாரு எலைக்கு மட்டும் உப்பில்லாக் கஞ்சி. பக்கத்துல மாமா காவல். வாத்தியாரு அந்தப் பக்கம் பாத்தாரு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு மணக்குது. "ஒரு துண்டு வைக்கச் சொல்லும்வே."

"உப்பு ஆகாது. டாக்டரு சொல்லியிருக்காரு."

"அருமைநாயகம்." வாத்தியாரு அவரைப் பேரு சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்னைக்குத்தான். "எனக்கு நாளு கூடவும் கூடாது, கொறையவும் கொறையாது. அது ஓம்ம சங்கிலியில அடங்காதுவே. இருக்க நாளுல கருவாடு இருக்கணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லும்."

மாமா எழும்பிப் போனாரு. நான் நெனைச்சேன் கோவிச்சுக்கிட்டுத்தான் போறாருன்னு. போனவரு சட்டியோட திரும்பி வந்தாரு, கரண்டியால நடுச்சட்டியிலருந்து அள்ளி, சோத்தப் பெசஞ்சு, தன் கையால ஒரு வாய் ஊட்டுனாரு. வாத்தியாரு கண்ண மூடிக்கிட்டு மென்னாரு. "இன்னொண்ணு வைக்கவா?"ன்னு கேட்டாரு மாமா. அளவு பாக்காம அவரு யாருக்கும் எதையும் வச்சு நான் பாத்ததில்ல. அன்னைக்கு அஞ்சு துண்டு வச்சாரு, தனக்கும் வச்சுக்கிட்டாரு, அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டே பின்வரிசையில நின்னு பாடவும் செஞ்சாரு. யம்மாடி, அந்தக் கொரலு! ஆடு மாடெல்லாம் திரும்பிப் பாத்துச்சு.

வாத்தியாரு அதுக்குப் பொறவும் பதினோரு நாள் இருந்தாரு. கல்லறை அந்நேரம் ரெண்டு தெரு தள்ளி தையல் கடை வாசல்ல நின்னுச்சு, அங்க விருந்துக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தோம். வாத்தியாரு வீட்டுல, காலைப் பத்து மணி இருக்கும், ஆர்மோனியத்துல ஒரு கட்டை ஒட்டுதுன்னு கழத்தி மடியில வச்சுத் தொடைச்சுக்கிட்டே இருந்தவரு, "வே, அந்தத் துணிய இப்படிக் குடும்"னு கை நீட்டுனாராம். மாமா துணிய எடுத்துக் குடுத்தப்போ வாங்குததுக்கு ஆளில்ல.

கல்லறைத் தோட்டத்துல குழி வெட்ட ஆளு வந்து நிக்குது, எங்கன வெட்டன்னு கேக்குது. எல்லாரும் மாமாவத்தான் பாத்தோம். அஞ்சு மாசமா அந்த மனுசன் எதுக்கு ஓடுனாருன்னு தெரியாதவிய ஊருல இல்ல. ஐயரும் செயலாளரும் தனியாப் போயிக் குசுகுசுன்னு பேசிட்டு வந்தாவ. ஐயர் சொன்னாரு: "அண்ணாச்சி, தீர்மானம் மனுசங்க போட்டதுதானே. இந்த எடத்த உங்களுக்குன்னு விட்டுருதோம். வாத்தியார அடுத்த வரிசையில போடுவோம். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ."

ஒருத்தரும் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டோம், அது நெசம். மாமா செல்லக்கனி அத்தை கல்லறைக்குப் பக்கத்துல இருந்த அந்த வெறும் மண்ணுல போயி நின்னாரு. குனிஞ்சு ஒரு கை மண்ணு எடுத்தாரு, கீழ விட்டாரு. கண்ணுல தண்ணி கொட்டுது, தொடைக்கல.

"வேண்டாம் ஐயா. இங்கனயே வெட்டச் சொல்லுங்க. அவ பதினோரு வருசமா சுருதி சேக்க ஆளில்லாமக் கெடக்கா. நான் வந்து படுத்தா அவளுக்கு மறுபடியும் மணிதான் சொல்லிக்கிட்டு இருப்பேன். இவரு போகட்டும். போயிச் சிரிக்க வைக்கட்டும்."

"அப்ப உங்களுக்கு?"ன்னு கேட்டாரு செயலாளர்.

"எனக்கு எப்ப வருதோ, எங்கன வருதோ. அத ஏம்வே எங்கிட்டக் கேக்கீரு?"

சொல்லிட்டு மம்பட்டிய வாங்கி மொதல் வெட்டு அவரே வெட்டுனாரு. டேப்பு வைக்கல. குழி கொஞ்சம் கோணலா அத்தை பக்கமாச் சாஞ்சுபோச்சு, குழி வெட்டுதவன் சரி பண்ணட்டுமான்னு கேட்டான், "கெடக்கட்டும்ல"ன்னுட்டாரு. அடக்கத்துல அவரு பாடுன பாட்டக் கேட்டு அழுதவிய பாதிப்பேரு, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சவிய பாதிப்பேரு. நான் ரெண்டுந்தான் செஞ்சேன்.

மறுநா காலைல பால் செம்போட வெளிய வாரேன். தெருவே அவரவரு வாசல்ல மூச்சு விடாம நிக்குது. பக்கத்து வீட்டு வாசல்ல, அதான் மாமா வீட்டு வாசல்ல, கல்லறை நிக்குது. கதவு தொறந்துச்சு. மாமா துண்டோட வெளிய வந்து, தன் பேரு வெட்டுன அந்தக் கல்ல மேலயும் கீழயும் பாத்தாரு. மேல படிஞ்சிருந்த செம்மண்ணத் துண்டால ஒரு தட்டுத் தட்டுனாரு. பந்திக்கு முன்னால எலை போடுத எடத்தத் தொடைப்போமே, அப்படித் தொடைச்சாரு.

"மருமவளே, ஒங்க வீட்டுல பெரிய அண்டா இருக்கா?"

"இருக்கு மாமா." பால் செம்பக் கீழ வச்சேன். "யாரை எல்லாம் கூப்பிட?"

"இது என்ன கேள்வி? உசிரோட இருக்க அத்தனை பேரையும் கூப்பிடு. சீக்கிரம் போ, ஏட்டி!"

நான் செருப்பக்கூட மாட்டாம ஓடுனேன்.